கதையின் முடிவைக் கேட்டவன்

மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. கூடவே மின்சாரமும் போனது. கடைக்காரர் ஜெனரேட்டரை எழுப்பப் பின்பக்கம் போய்விட, ஜெராக்ஸ் கடையின் அரை இருட்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்... அவளும், அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற அவனும்.

காற்று அவள் கையிலிருந்து ஒரு தாளைப் பறித்துத் தரையில் போட்டது. அவன் குனிந்து எடுத்தான். எடுத்தவன் கொடுக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தான்.

"அது என்னோடது."

"தெரியும்ங்க. கதையைப் பாதியில நிறுத்த முடியலை. இந்தப் பொண்ணு ஏன் செருப்பைக் கழட்டிட்டுத் தோட்டத்துல நடக்குறா?"

"மாடியில அப்பா தூங்குறார்னு சொல்லி வச்சிருக்காங்க. சத்தம் கேட்கக் கூடாதாம்."

"நிஜமாவே தூங்குறாரா?"

"அது அடுத்த பக்கத்துல. மெஷின் விழுங்கிடுச்சு."

அவன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. கண்கள் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை... எத்தனையோ நாளாகச் சரியாக உறங்காத கண்கள். அழகான கண்கள்தான். அதை ஏன் கவனிக்கிறோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"டீச்சரா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"விரல்ல சிவப்பு மை. கண்ணாடி மூக்குல சறுக்குது. குனிஞ்சு பேப்பர் திருத்துறவங்களுக்கு அப்படி ஆகும். நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்... கொடுங்க."

கழற்றிக் கொடுத்தாள். சட்டைப் பையிலிருந்து சிறிய திருப்புளி ஒன்றை எடுத்து திருகாணியை முடுக்கினான். கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிந்தவன், மறுபடி மாட்டியதும் தெளிவாகத் தெரிந்தான். தேவைக்கும் கொஞ்சம் அதிகமாகவே...

"எவ்வளவுங்க?"

"கதையோட முடிவைச் சொல்லுங்க, போதும்."

"அதுக்கு என் வகுப்புல வந்து உட்காரணும்."

மழை விட்டதும் ஆஸ்பத்திரி ஃபைல் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவன் தெருவில் இறங்கினான். பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

ஆங்கில வகுப்பில் அவளுக்குப் பேர் கமா மிஸ். விட்டுப்போன கமாவையெல்லாம் தேடிப் பிடித்துச் சிவப்பில் வட்டம் போடுகிறவள் என்பதால். பாடப் புத்தகத்தில் இருந்த அந்தக் கதை மிகப் பழையது, எளிமையானது. நோயாளி அப்பா மாடியில் தூங்குகிறார் என்று வீட்டார் சொன்னதை நம்பி, ஒரு சிறுமி கோடை முழுக்கத் தோட்டத்தில் ஓசையில்லாமல் விளையாடுகிறாள். கடைசியில் ஒருநாள் ஆசை தாங்காமல் மாடி ஏறிப் போகிறாள். அறை காலியாக இருக்கிறது. படுக்கை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் கதை.

கடைசி வரியைப் படித்து முடித்தபோது வகுப்பு அடங்கிப் போயிருந்தது. ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிட்டு என்று கூப்பிடும் பெண். அப்பா இல்லாதவள். அம்மா நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்வி.

"மிஸ், அவங்க எல்லாரும் கெட்டவங்களா?"

"இல்லம்மா. அவ மேல உயிரையே வச்சிருந்தாங்க. அழ விடக் கூடாதுன்னு நினைச்சாங்க. ஆனா அவளைத் தனியா விட்டுட்டாங்க."

சிட்டு புத்தகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் முதல் வகுப்பு நடக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"இந்த வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்குறது யாருங்க..."

சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான். கண்ணாடிக் கடைக்காரன். அவள் நெஞ்சு ஒரு நொடி துள்ளி, அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. வராந்தாவுக்கு வந்தாள்.

"நீங்களா?" அவன் குரல் நடுங்கியது. "சிட்டு என் அக்கா பொண்ணு. நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலை. அம்மாவைப் பத்தி நிஜத்தைச் சொல்லுன்னு என் சட்டையைப் பிடிச்சுக் கேட்கிறா. ஏங்க, சின்னப் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்ட வேற கதையே கிடைக்கலையா?"

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"அடுத்த மாசம் அம்மா வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு சொன்னேன்."

"வருவாங்களா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, வலிக்க வேண்டும் என்றே சொன்னான்.

"கமா வைக்கிறது உங்க வேலை. அதோட நிறுத்திக்கோங்க."

வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்தது. ஆனால் தலை குனியவில்லை. மாலையில் தலைமையாசிரியை கூப்பிட்டு, "ஒரு சாரி சொல்லிட்டு விட்டுடுங்களேன்," என்றபோதும், "அந்தக் கதைக்காக நான் சாரி சொல்ல மாட்டேன் மேடம்," என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில்தான் அவன் கடை. அன்று முதல் எதிர்ப்பக்க நடைபாதையில் போனாள். ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் தன்னைத் தொடர்வது தெரிந்தும் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை... பேச்சைத் தொடங்கிக்கொடுக்க அவளுக்கும் மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, தூறலில் நனைந்தபடி பஸ் நிறுத்தத்தில் அவன் நின்றிருந்தான்.

"சிட்டு புத்தகத்தை எடுத்து அந்தக் கதையைப் படிச்சேன்," என்றான் அவளைப் பார்க்காமல். "மடிச்சு வச்ச படுக்கையைப் பார்த்து அந்தப் பொண்ணு அழவே இல்லை. அதுதாங்க தாங்கலை. அன்னைக்கு நான் பேசினது தப்பு."

அவள் கண்ணாடியில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர் கையை விரிச்சுட்டார். அக்காவுக்கும் தெரியும். சிட்டுகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. வாயைத் திறந்தாலே அடைச்சுக்குது."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"காலேஜ்ல எனக்குக் கடைசிப் பரீட்சை நடந்த நேரம்," என்றாள் மெல்ல. "அப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான், நீ படின்னு சொன்னாங்க. எல்லாரும் நல்லதுதான் நினைச்சாங்க. நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சப்ப அப்பா உயிரோட இல்லை. அவர்கிட்ட நான் கடைசியா பேசினது என்ன தெரியுமா? போன்ல, செலவுக்குப் பணம் அனுப்புங்கப்பான்னு..."

அப்போதுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் நிறைந்து நின்றன, சிந்தாமல்.

"சொல்லும்போது நீங்களும் கூட இருக்கீங்களா?" என்று கேட்டான்.

இருந்தாள். ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு. நடுவில் சிட்டு. அவன் தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். சிட்டு அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் மாமா. உனக்குத் தெரியுமான்னுதான் எனக்குத் தெரியலை. நீ அழுவியேன்னு கேட்காம இருந்தேன். அந்தக் கதை படிச்சப்புறம்தான் கேட்டேன்."

அவன் உடைந்துபோனான். வளர்ந்த ஆண் அப்படி அழுது கமா மிஸ் பார்த்ததில்லை. சிட்டு அவனைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு அம்மா அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேரின் அழுகை கேட்டது. அப்புறம், நம்ப முடியாமல், சிரிப்பும்.

மழைக்காலம் முடியுமுன் அக்கா போய்விட்டாள், மகள் கையைப் பிடித்தபடியே. அந்த நாள்களில் கமா மிஸ் தினமும் அவர்கள் வீட்டுக்கு வந்தாள். சமைத்தாள், சிட்டுவின் தலையை வாரிவிட்டாள், அவனைச் சாப்பிட வைத்தாள். துக்கம் கொஞ்சம் தணிந்த ஒரு மாலை, வாசல்வரை வழியனுப்ப வந்தவன், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்... நீங்க இல்லாம..." என்று தொடங்கினான்.

"வேண்டாம்," என்று தடுத்தாள். "இது நன்றி. கஷ்டத்துல கூட நின்னவங்க மேல எல்லாருக்கும் வர்றது. நாளாக ஆகக் கரைஞ்சுடும். கரையட்டும்."

அவன் முகம் சுருங்கியது. "சரிங்க," என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு வழியில் பார்த்தால் ஒரு தலையசைப்பு. அதோடு சரி.

அவனுடைய நல்லதுக்குத்தான் சொன்னோம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். தேறவில்லை. தலையசைப்புக்காகவே அந்தத் தெருவில் மெதுவாக நடந்தாள். அவன் கடை பூட்டியிருந்த நாள்களில் சோறு இறங்கவில்லை. சிட்டு பரீட்சை எழுதி, வேறு பள்ளியில் மேல்வகுப்புச் சேர்ந்தாள். இனி அவனைப் பார்க்க ஒரு சாக்கும் இல்லை என்று புரிந்த அன்று, கமா மிஸ் நேராகக் கடைக்குள் போனாள்.

அவன் எழுந்து நின்றான். "சொல்லுங்க. கண்ணு பார்க்கணுமா?"

"இல்லை. உட்காருங்க. நின்னா எனக்குப் பேச வராது."

உட்கார்ந்தான்.

"உங்க நல்லதுக்குன்னு சொல்லித்தான் அன்னைக்கு உங்க வாயை அடைச்சேன். பொய். பயந்துட்டேன். நீங்க சொல்லி, அப்புறம் மனசு மாறிட்டா நான் என்ன ஆவேன்னு பயம்." கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா. உங்களுக்கு எல்லாம் கரைஞ்சுபோயிருந்தா அதையும் என் முகத்தைப் பார்த்தே சொல்லிடுங்க. மறைக்க மட்டும் வேண்டாம்."

அவன் மேஜையைச் சுற்றி வந்து அவள் எதிரில் நின்றான். இந்த முறை அந்தக் கண்களும் சேர்ந்து சிரித்தன... ஈரத்தோடு.

"நன்றி எப்பவோ கரைஞ்சுடுச்சுங்க," என்றான். "மிச்சம் இருக்குறது நீங்க மட்டும்தான். அது கரையுற மாதிரி தெரியலை."