தோண்டாமல் அகற்ற முடியாதது

வியாழக்கிழமை, காலை 6.20.

லைட்ஹவுஸ் குப்பத்தின் வடக்கு மணல்மேட்டில் கருவாட்டுக் கொட்டகை நின்றுகொண்டிருந்தது. அது நின்றிருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மதியம் புயல் எச்சரிக்கை வந்ததும் பதினேழு பெண்கள் சேர்ந்து அதைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எட்டு சவுக்குக் கம்பங்களை மணலிலிருந்து பிடுங்கிக் கட்டி, தார்ப்பாயை மடித்து, மேலே மணல்மூட்டைகளை அடுக்கிவிட்டு, குப்பம் மொத்தமும் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போயிருந்தது. புயல் ஆந்திரப் பக்கம் ஒதுங்கிவிட, வியாழன் விடிந்ததும் திரும்பி வந்தார்கள்.

"புயலு வந்து கொட்டாய கட்டிக் குட்துட்டுப் போச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். சிலர் சிரித்தார்கள்.

கருவாட்டுச் சங்கத்தின் தலைவி குப்பம்மாள் சிரிக்கவில்லை. ஒரு கம்பத்தின் அடியில் உட்கார்ந்து மணலைக் கையால் விலக்கினார். ஒரு சாண் ஆழத்தில் விரல் சிமெண்டில் இடித்தது. மற்ற ஏழு கம்பங்களுக்கும் அதேதான்.

8.15.

வெள்ளைக் காரில் மோகன்குமார் வந்து இறங்கினார். கடலோரத்தில் உல்லாச விடுதி கட்ட இடம் தேடும் ஒரு நிறுவனத்தின் முகவர். நில உரிமையாளர் தசரதனின் பெயரில் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் அவர் கையில் இருந்தது. குத்தகை முடிந்துவிட்டது, ஞாயிறு மாலைக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது சாரம்.

குப்பத்தில் கருவாடு காயவைக்க வேறு மேடு கிடையாது. மற்ற இடமெல்லாம் படகும் வலையும். அந்த அரை ஏக்கர் போனால் பதினேழு குடும்பங்கள் அன்றன்று பிடித்த மீனை அன்றன்றே, வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். குப்பம்மாள் நோட்டீஸை வாங்கிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்.

9.40.

சப்-இன்ஸ்பெக்டர் எப்சிபா மணல்மேட்டுக்கு வந்தபோது வாடைக் காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கொட்டகையின் மூன்று பக்கம் பழைய வலையும் ஓலையும் கட்டி அடைத்திருந்தது. திறந்த பக்கம் கடலைப் பார்த்தது. எப்சிபா உள்ளே நின்று நோட்டீஸைப் பிரித்தார். எழுத்தின் மேல் மணல் வந்து விழுந்தது. தாளை உதறிவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டிப் படித்தார்.

மூன்று பக்கங்கள். முதல் பக்கத்தில் குத்தகைப் பத்திரத்தின் இரண்டு ஷரத்துகள் எடுத்தெழுதப்பட்டிருந்தன.

'1(உ). கட்டுமானம் என்பது சிமெண்ட், கல், செங்கல் ஆகியவற்றில் எதையேனும் கொண்டு நிலத்தில் பதிக்கப்பட்டு, தோண்டாமலோ உடைக்காமலோ அகற்ற முடியாத எதையும் குறிக்கும். பிடுங்கி வேறிடத்தில் நடக்கூடிய கொட்டகை இதில் சேராது.'

'9. உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதமின்றிக் குத்தகைதாரர் கட்டுமானம் எழுப்பினால், குத்தகை அன்றே முடிவுக்கு வரும்.'

இரண்டாம் பக்கம் கொட்டகையின் வரைபடம், அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தமான நகல். மூன்றாவது, அன்று காலை எடுத்த புகைப்படம்.

எப்சிபா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். தார்ப்பாய் கடைசி ஜோடிக் கம்பங்கள் வரை எட்டவில்லை. மூன்றடி குறைந்தது. அந்த இடைவெளியைப் புது நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கான்ஸ்டபிள் ரமேஷிடம் டேப் கேட்டு வாங்கி, கம்பத்துக்குக் கம்பம் அளந்து குறித்துக்கொண்டார்.

மோகன்குமார் கேட்காமலே பேசினார். திங்கட்கிழமை முதல் புதன் இரவு வரை சென்னையில் இருந்ததாகவும், தங்கிய ஓட்டலின் ரசீது கைவசம் இருப்பதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தலைவியோட பையன் கொத்தனார், மேடம். அதையும் விசாரிங்க."

10.30.

குப்பம்மாளின் மகன் சின்னப்பனுக்கு இருபத்தாறு வயது. சென்னையில் கட்டட வேலை. எச்சரிக்கை வந்ததால் ஊருக்கு வந்திருந்தான். புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு மையத்திலிருந்து கிளம்பியவன் நாலரைக்குத்தான் திரும்பினான் என்று மூன்று பேர் சொன்னார்கள்.

"எங்க போனே?"

"போட்டைப் பாக்க, மேடம். ஏரிப் பக்கம் இழுத்துக் கட்டியிருந்தோம். தண்ணி ஏறிச்சின்னா கயிறு அறுந்துடும்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"கொட்டாய்க்கு சிமெண்ட் போடணும்னு எப்பவாவது சொன்னியா?"

சின்னப்பன் தன் தாயைப் பார்த்தான். பதில் குப்பம்மாளிடமிருந்து வந்தது.

"சொன்னான், மேடம். போன வருசம். எத்தினி வாட்டிதான் புடுங்கிப் புடுங்கி நடுவேன்னு. அப்பவே வாய மூடுன்னேன். டேய், நீ போட்டியா? போட்டிருந்தா இப்பவே சொல்லிடு. பதினேழு வூட்டு சோறு இது."

"நான் போடல, யம்மா."

குப்பம்மாள் அவனை நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் போய்த் தகரப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து வந்தார். ஆனி மாதத்தில் பதிவானது. ஷரத்துகள் நோட்டீஸில் இருந்தபடியேதான் இருந்தன. இணைப்பு வரைபடத்தில் ஓர் எண் மட்டும் பேனாவால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறு எண் எழுதியிருந்தது. அதன் அருகே தசரதனின் கையெழுத்தும் குப்பம்மாளின் பெருவிரல் ரேகையும்.

எப்சிபா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி: ஒவ்வொரு தடவையும் கொட்டகையைப் பழைய குழியிலேயே நடுவீர்களா?

அப்படி இல்லை என்றார் குப்பம்மாள். கோடையில் கச்சான் காற்று தரைப் பக்கமிருந்து அடிக்கும். அப்போது கொட்டகையின் வாய், அந்தத் திறந்த பக்கம், கடலைப் பார்க்கும். ஐப்பசியில் வாடை கிளம்பினால் பிடுங்கி, வாயைக் கடலுக்கு எதிரே, ஏரிப் பக்கம் திருப்பி நடுவார்கள். இல்லாவிட்டால் நெத்திலி முழுக்க மணலாகிவிடும்.

12.45. திருப்பாலைவனம்.

தசரதன் வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். நெல் தண்ணீரில் நின்றது. அந்தக் கவலையிலேயே பேசினார். குத்தகை எப்போதாவது முடிந்தால் நிலத்தை விடுதி நிறுவனத்துக்குத் தருவதாக ஆவணியில் ஒப்புக்கொண்டதும், நோட்டீஸ் அனுப்ப வக்கீலுக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டதும் உண்மை என்றார். சிமெண்ட் போட்டது யார் என்று தெரியாது.

"ஆனா அவங்க போட்டிருந்தா ஷரத்து ஷரத்துதான், மேடம். அந்தக் கட்டுமான ஷரத்தையே எழுதச் சொன்னது நான். இருபது வருசமா அந்தக் கொட்டாய் திரும்பறத பாத்துக்கினு இருக்கேன். திரும்பற வரைக்கும் தொந்தரவில்ல, அப்படியே நின்னுடுச்சின்னா நாளைக்கு நிலம் எங்களுதுன்னுடுவாங்கன்னுதான் அப்படி எழுதினேன்."

அவருடைய பத்திரத்தையும் எப்சிபா வாங்கிப் பார்த்தார். அதே அடித்தல், அதே கையெழுத்து, அதே ரேகை.

அடுத்துப் போனது பத்திரம் எழுதிய சுப்பராயலுவின் கடைக்கு. அங்கே பத்து நிமிடம்தான் இருந்தார். வெளியே வந்ததும், பக்கத்தில் சிமெண்ட் கிடைக்கும் ஊரான ஆரம்பாக்கத்துக்கு ரமேஷை அனுப்பினார். புதன்கிழமை குப்பத்துக்குச் சிமெண்ட் ஏற்றிப் போன மேஸ்திரி யார் என்று விசாரிக்கச் சொன்னார்.

மாலை 4.10.

எல்லோரும் மணல்மேட்டில் இருந்தார்கள். தசரதன் பைக்கில் வந்திருந்தார். மோகன்குமார் காரில் சாய்ந்து நின்றார். சின்னப்பன் தனியாக உட்கார்ந்திருந்தான். பெண்கள் யாரும் அவனோடு பேசவில்லை.

எப்சிபா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இதைக் கட்டினது இந்த ஊர் ஆள் இல்ல. இது ஐப்பசி. இந்த மாசத்துல கடலைப் பாத்து வாய் வெச்சு இங்க யாரும் கொட்டாய் நட மாட்டாங்க. சின்னப்பன் ரகசியமா சிமெண்ட் போட்டிருந்தாக்கூட ஏரியைப் பாத்துத்தான் போட்டிருப்பான். அவங்க அம்மா அதுல மீன் காயவைக்கணுமே. தசரதனுக்கும் இது தெரியும். இருபது வருசமா பாக்கறார்."

கொட்டகையைக் கட்டியவர்களுக்கு அது எப்படி நிற்கும் என்று தெரியாது என்றார். அவர்களிடம் இருந்தது ஒரு வரைபடம் மட்டும். வரைபடம் ஆனியில் போட்டது. அப்போது வாய் கடலைப் பார்த்தது. தாளில் இருந்ததை அப்படியே மணலில் எழுப்பிவிட்டார்கள்.

வரைபடம் மூன்று பேரிடம் இருந்தது என்று மோகன்குமார் குறுக்கிட்டார். நில உரிமையாளர், சங்கம், பத்திரம் எழுதியவர். தன் கையில் இருப்பது வெறும் நகல்தான் என்றார்.

"நகல்தான். அதுலதான் விஷயமே இருக்கு."

எப்சிபா பத்திரத்தின் வரைபடத்தையும் நோட்டீஸின் வரைபடத்தையும் காரின் மேல் அருகருகே விரித்தார். பதிவான அன்று, கம்பத்துக்குக் கம்பம் எட்டடி என்று சுப்பராயலு எழுதியிருந்ததைக் குப்பம்மாள் ஏற்கவில்லை. தார்ப்பாய் இருபத்தோரு அடிதான், எட்டடி விட்டால் கூரை எட்டாது என்று சொல்லி ஏழாகத் திருத்த வைத்தார். பத்திரங்கள் இரண்டிலும் ஏழு. கடைக் கணினியில் கிடந்த வரைவில் மட்டும் யாரும் திருத்தாத எட்டு. ஆவணியில் அந்த வரைவை அச்செடுத்து வாங்கிப் போனவர் ஒரே ஒருவர். சுப்பராயலு தயங்காமல் பெயர் சொன்னார்.

"நோட்டீஸோட நீங்க வெச்ச வரைபடத்துல எட்டடி. இங்க நான் காலையில அளந்ததும் எட்டடி. ஒவ்வொரு இடைவெளியிலயும் ஓரடி கூட. மூணு இடைவெளிக்கு மூணடி. தார்ப்பாய் எவ்வளவு குறையுதுன்னு மேல பாருங்க, மோகன்குமார்."

யாரும் மேலே பார்க்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"நான் சென்னையில இருந்தேன், மேடம்."

"இருந்தீங்க. உங்க தாள் இங்க இருந்துச்சு."

ரமேஷ் ஆரம்பாக்கத்து மேஸ்திரியோடு வந்து நின்றார். மேஸ்திரி தன் போனை நீட்டினார். புதன் காலை பத்து மணிக்கு மோகன்குமாரின் எண்ணிலிருந்து வரைபடத்தின் படம் வந்திருந்தது. ஒரு நிறுவனம் மீனவப் பெண்களுக்கு இலவசமாகச் செய்து தரும் வேலை, அவர்கள் திரும்புவதற்குள் முடித்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று சொன்னார்களாம். நல்ல காரியம் என்று தன் கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டதாகவும் அவர் சொன்னார்.

மோகன்குமார் அதற்குப் பிறகு வக்கீல் இல்லாமல் பேச மறுத்தார். அத்துமீறி நுழைந்ததற்கும் பொய்யாக ஆதாரம் உண்டாக்கியதற்கும் அவர்மேல் வழக்கு பதிவாகும் என்று எப்சிபா தெரிவித்தார். ஒன்பதாம் ஷரத்தைப் பற்றி ஒரு வாக்கியம்தான் சொன்னார்: குத்தகைதாரர் எழுப்பினால் என்றுதான் அது சொல்கிறது, குத்தகைதாரர் எழுப்பவில்லை.

கார் போன பிறகு தசரதன் தொண்டையைக் கனைத்தார்.

"நடந்தது நடந்துபோச்சு, குப்பம்மா. நல்லா உறுதியாத்தான் போட்டிருக்கான். வேணும்னா சம்மதம் எழுதித் தர்றேன். இப்படியே இருக்கட்டும்."

சின்னப்பன் நிமிர்ந்து பார்த்தான். இனி பிடுங்கி நட வேண்டியதில்லை. சில பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேணாம், நைனா" என்றார் குப்பம்மாள். "இத்த நீ இப்ப குடுப்ப. நாளைக்கு உன் புள்ள வந்து, கட்டுமானம் நிக்குது, ஷரத்து இன்னாச்சின்னு கேப்பான். அப்ப நானும் இருக்க மாட்டேன், இந்த மேடமும் இருக்க மாட்டாங்க. நோட்டீஸ வாபஸ் வாங்கிக்கினேன்னு எழுதிக் குடு. அது போதும்."

தசரதன் எழுதினார். குப்பம்மாள் அதை எப்சிபாவிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மகனைப் பார்த்தார். காலையில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு அவனிடம் அவர் பேசியிருக்கவில்லை.

"கடப்பாறை எட்த்துனு வா, சின்னப்பா."

அவன் எழுந்து போய் எடுத்து வந்தான்.

தோண்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு கம்பங்கள் சிமெண்டோடு சேர்ந்தே முறிந்தன. அவற்றை எப்சிபா வழக்குச் சொத்தாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். மீதி ஆறு கம்பங்களில், வாயை ஏரிப் பக்கம் வைத்து, கொட்டகை மறுபடி எழுந்தது. முன்பைவிடச் சிறியது. மணலில் ஒரு முழம் மட்டுமே புதைந்திருந்தது.