வியர்க்காத புருஷன்

தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டுக்குள் எல்லோரும் வியர்வையில் தொப்பலாக நனைந்துகொண்டிருக்க, புருஷன் மட்டும் காய்ந்துபோய் நிற்பதைக் கவனித்தபோது மேனேஜரம்மாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாலும் சட்டை நனைகிற ஆசாமி. ஒரு வங்கிக் கிளையையே அதட்டி வேலை வாங்குகிற தனக்கு இப்படியொரு ஈர மூட்டை வாய்த்ததே என்று அவள் அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது.

பாலைவனச் செடியும் ஓணானும் பார்க்கலாம் என்று மகளைக் கிளப்பிவிட்டதே அவர்தான். உள்ளே வந்ததும் வராததுமாக, "கழுத்தெல்லாம் அரிக்குதும்மா" என்று முனகினார்.

"நாலு பேர் பாக்கறாங்க. அந்தப் பக்கம் போய் சொறிஞ்சுட்டு வாங்க."

பெரிய கள்ளிக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். "இதுகூடத் தெரியலையா உங்களுக்கு?" என்றாள். வழக்கமான அசட்டுச் சிரிப்பு வரவில்லை. ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டாள்.

"அம்மா, இந்த ஓணான் கண்ண கீழேருந்து மேல மூடுது பாரேன்" என்றாள் மகள். பிறகு, "அப்பா கை ஜில்லுனு இருக்கும்மா."

"அவர் ரத்தம் என்னைக்கு சூடா இருந்துச்சு?"

ஓணான்களுக்காகப் போட்டிருந்த சூட்டு விளக்குகள் ரீங்கரித்தன. வெந்த மணலின் வாடையோடு வேறேதோ ஒன்றும், பழைய தோல் பையைத் திறந்தால் வருமே அந்த நெடி, மூக்கில் ஏறியது. கள்ளிக்குப் பின்னாலிருந்து சருகு உரசுவது போல ஓயாமல் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தாள். முள்ளில் பிளாஸ்டிக் தாள் ஒன்று சிக்கிப் படபடத்தது. கண்ட இடத்தில் குப்பை போடும் ஜனங்கள். கடுப்போடு பிடித்து இழுத்தாள்.

பிளாஸ்டிக் இல்லை.

மெல்லியது. வெதுவெதுப்பானது. முனையில் ஐந்து விரல்கள். விரல்களில் நகம். மணலில் ஒரு மோதிரம் விழுந்தது. சோப்பு போட்டும் அவர் விரலைவிட்டுக் கழலாத கல்யாண மோதிரம்.

திரும்பினாள். விளக்கடியில் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மகள். அந்த முகம் அவருடையதுதானா? அவளால் சொல்ல முடியவில்லை. மச்சம் எந்தக் கன்னத்தில்? நேராகப் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது. பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். கீழிமை மெதுவாக மேலேறி மூடியது.

"அம்மா, எனக்கும் கழுத்து அரிக்குது."

ஓட நினைத்தாள். கால் வரவில்லை. குரலும் வரவில்லை. ஊரையே அதட்டிய வாய்.

அவர் மகளின் காதோரம் நகத்தை வைத்தார். வெங்காயச் சருகை உரிப்பதுபோலப் பதமாக உரித்தார்.

"வலிக்கவே இல்லம்மா" என்றாள் மகள்.

சுகமாகக் கண்ணை மூடினாள். கீழிருந்து மேலாக.