பக்கத்துத் திரை

கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் வந்து உட்கார்ந்தபோது கம்ப்யூட்டர் திரையில் படம் திருத்தும் டூல்ஸ் எதுவும் இல்லை. இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும் பிரஷ், ரப்பர், கத்தி எதையும் காணோம். வலது ஓரத்தில் படத்தின் அடுக்குகளை, லேயர்களை, வரிசையாகக் காட்டும் பெட்டியையும் காணோம். வீட்டைக் காலி செய்தவர்கள் சுவர் ஆணியைக்கூட விடாமல் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி வெறும் சாம்பல் நிறம் பரந்து கிடந்தது. அதன் நடுவில் செத்தவன் முகம்.

பயம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. பள்ளிக்கூட விண்ணப்பத்துக்குப் போட்டோ கேட்டு வந்த கூட்டத்தைக் காலையிலிருந்து உட்காரவைத்து, தலையை நிமிர்த்தி, படமெடுத்து, வெட்டிக் கொடுத்து, விரல் கணுவெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. கல் உடைக்கிற வீட்டில் பிறந்தவள். உட்கார்ந்து பார்க்கிற வேலை உடம்பை நோகடிக்காது என்று சொன்னவன் எவனோ, அவனை இந்த நாற்காலியில் ஒரு வாரம் கட்டிப்போட வேண்டும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

டேப் பட்டனை அமுக்கினாள். கீபோர்டைத் துணியால் துடைக்கும்போது விரல் பட்டாலே எல்லாம் ஒளிந்துகொள்ளும். மறுபடி அமுக்கினால் ஒன்றும் தெரியாததுபோல் வந்து நிற்கும். இந்த முறை வரவில்லை.

வெளியே மழை சாத்திக்கொண்டிருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். பிரேம் வாங்கப் போன முதலாளி எங்கோ மாட்டிக்கொண்டுவிட்டார். லேமினேஷன் மெஷின் ஆறிக்கொண்டே டிக், டிக்கென்று சொடுக்கியது. சூடான பிளாஸ்டிக் வாடையும் இங்க் வாடையும், யாரோ விட்டுப்போன குடையிலிருந்து வந்த ஈரத்துணி வாடையும் கலந்து, அந்தச் சின்ன அறை நாளெல்லாம் ஒருவன் படுத்துக் கிடந்த போர்வை போல நாறியது.

செத்தவனின் தம்பி மத்தியானம் வந்திருந்தார். கொத்தனார். நகக்கண்ணெல்லாம் சிமெண்ட். பிணவறையில் செல்போனில் எடுத்ததைத் தவிர அண்ணனுக்கு வேறு படமே கிடையாதாம். அதில் கண் மூடியிருந்தது. இப்படி வருகிற படங்களுக்குக் கண் வைப்பது கடையில் அவளுடைய வேலை. கூடப் பிறந்தவர்களையோ பிள்ளைகளையோ உட்காரவைத்துப் படம் எடுப்பாள். அந்தக் கண்ணைக் கொண்டுபோய்ப் பொருத்தி, ஓரத்தை மழுக்கிவிடுவாள். ரத்த சொந்தத்தின் கண் முரண்டு பிடிக்காமல் உட்கார்ந்துவிடும்.

"இப்படி வந்து உக்காருங்க. உங்க கண்ணை எடுத்துக்கறேன்."

கொத்தனார் ஒரு எட்டு பின்னால் போனார். "என் கண்ணு வேணாம்மா."

"ஏன், நான் என்ன தோண்டியா எடுக்கப்போறேன்?"

"உங்களுக்கு அவனைத் தெரியாது. சட்டையை வாங்குவான், செருப்பை வாங்குவான், ஒரு தடவை என் மாமனார் சைக்கிளை வாங்கிட்டுப் போனான். ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. வேற யாரோடதாச்சும் வைங்க."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பொழுது சாய வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு நாளாக இருந்தால் பழைய படங்களைத் தேடிப் பொருத்தமான கண்ணாகப் பார்த்து எடுத்திருப்பாள். இன்று தேட உடம்பு வணங்கவில்லை. காலைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தன் மகளையும் உட்காரவைத்துப் படம் எடுத்திருந்தாள். அது திறந்தே கிடந்தது. நேர்ப் பார்வை. சுத்தமான வெளிச்சம். சின்னப் பிள்ளைக் கண்ணைக் கொஞ்சம் பழுப்பாக்கி வைத்தால் எவனுக்குத் தெரியப்போகிறது?

அங்கேதான் தப்பு நடந்தது. நகலெடுக்க வேண்டியதை வெட்டியெடுத்துவிட்டாள். வெட்டிய கையோடு சேவ் கொடுத்து மூடியும் விட்டாள். பிறகு பார்த்தால் மகளின் படத்தில் கண் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை ஓட்டைகள். கேமரா கார்டையும் அதற்குள் காலி செய்தாயிற்று. போகிறது, செத்தவன் முகத்தில் அது தனி லேயராகத்தானே இருக்கிறது, வேலை முடிந்ததும் அங்கிருந்து தூக்கித் திருப்பி ஒட்டிக்கொள்ளலாம் என்று டீ குடிக்க எழுந்தாள்.

இப்போது லேயர் பெட்டியே இல்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பையனுக்குப் போன் போட்டாள். வைரஸ் என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லுக்கா. என்னத்தைக் கெடுத்து வெச்ச?"

"டூல்ஸ் எல்லாம் காணோம்டா. டேப் அமுக்கிப் பார்த்துட்டேன்."

"மேல விண்டோ மெனு தெரியுதா? அதுல ஒர்க்ஸ்பேஸை ரீசெட் குடு."

கொடுத்தாள். எல்லாப் பெட்டிகளும் ஒரு கணம் வந்தன. வந்து, அப்படியே வலது பக்கமாக நகர்ந்து, திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டன.

"வந்துட்டுப் போயிடுச்சுடா. யாரோ வாரிக்கிட்டுப் போற மாதிரி."

"உன்கிட்ட ரெண்டாவது மானிட்டர் ஒண்ணு இருந்துச்சுல்ல? எல்லாம் அதுல போய் உக்காந்திருக்கும். அது இன்னும் பக்கத்துலயே இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு நினைப்பு."

"அதுதான் புகைஞ்சு போச்சே. நீதானே கழட்டி அலமாரி மேல ஏத்துன?"

"நாளைக்கு வந்து பாக்கறேன். இன்னிக்கு மூடிட்டுப் போக்கா. உன் குரலே பாதி செத்துக் கிடக்கு."

போனை வைத்துவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். கையை எடுத்துத் திரையைப் பார்த்தாள். செத்தவன் நெற்றியில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது. அதைக் கடைசியில் சரிசெய்யலாம் என்று விட்டிருந்தாள். இப்போது நெற்றி வழவழவென்று இருந்தது. தையல் தெரியாத வேலை. அவளே செய்திருந்தாலும் அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கமாட்டாள். மவுஸ் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

போன் அடித்தது. மகள்.

"அம்மா, கரண்டு எப்ப வரும்?"

"அங்க கரண்டு போயிடுச்சா? அப்பாவை மெழுகுவத்தி ஏத்தச் சொல்லு."

"போகலைங்கறாரு அப்பா."

கணவன் வாங்கினான். மூட்டை இறக்கிவிட்டு வந்த குரல். இழுத்து இழுத்துப் பேசினான். "என்னடி இவ? லைட்டு எரியுது, எதிர்லயே நிக்கறேன், எங்கப்பா இருக்கேன்னு சுவத்தைத் தடவறா. விளையாடறியான்னு அதட்டிட்டேன். விளையாட்டு இல்ல போலிருக்கு. கண்ணு..."

"கண்ணு என்ன?"

"இங்க பாருடா" என்று அவன் மகளிடம் சொல்வது கேட்டது.

"கண்ணு என்னங்க?"

"வெள்ளையா இருக்கு. உள்ள எதுவுமே இல்ல. வெறும் வெள்ளை."

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறேன்."

"ஓடுங்க. ஆனா போனை வெக்காதீங்க. அவ கையிலயே குடுங்க."

பிளக்கைப் பிடுங்கப் போன கை பாதியில் நின்றது. கண் இருப்பது அந்த முகத்தில் மட்டும். முகத்தை இன்னும் சேவ் செய்யவில்லை. பிடுங்கினால் போச்சு. இந்த உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. அண்டூ கொடுத்தாள். சேவ் கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை. செத்தவன் முகத்தில் மகளின் கண்கள் அவளைப் பார்த்தன. அவள் இடது பக்கம் சாய்ந்தாள். கண்கள் கூடவே வந்தன.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அலமாரி மேல் அந்த மானிட்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தது. ஒயரைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். இறக்கும்போது தூசியும் கருகல் வாடையும் தொண்டையை அடைத்தன. மேஜையில் வைத்தாள். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். படம் வரும் ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினாள். கரண்டு ஒயர் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

அந்தத் திரையில் வெளிச்சம் வந்தது.

எல்லாம் அங்கே இருந்தன. பிரஷ், ரப்பர், கத்தி, லேயர் பெட்டி. வேலை நடக்கிற பட்டறைபோல அதனதன் இடத்தில். நடுவில் மகளின் படம். அம்புக்குறி நிதானமாக அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. கன்னத்திலிருந்து கொஞ்சம் தோலை எடுத்தது. மேலே கொண்டுபோய் வெள்ளை ஓட்டையில் தடவியது. ஒன்று ஏற்கெனவே மூடியிருந்தது. மற்றதும் மூடிக்கொண்டிருந்தது.

போனில் மழை இரைந்தது. கணவன் ஓடுகிற மூச்சு.

"குட்டி."

"அம்மா, யாரோ மூஞ்சியைத் தடவறாங்கம்மா."

"அப்பாவா இருக்கும்டா."

"அப்பா கை இல்லம்மா. ரொம்ப சில்லுனு இருக்கு."

மவுஸைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்த பக்கம் அம்பு வரவில்லை. அவள் கையைத்தான் அது இழுத்தது. மூக்கைத் தாண்டிக் கீழே இறங்கியது. நின்றது.

"அம்மா பேசிட்டே இரு. நீயும் பேசுடா. ஏதாச்சும் பேசு."

"என்னம்மா பேச—"

மகளின் வாயைச் சுற்றி, வெட்டும் இடத்தைக் குறிக்கும் புள்ளிக்கோடு ஓடத் தொடங்கியது. எறும்புச் சாரி போல. ஒரு வட்டம் சுற்றி, தொடங்கிய இடத்தில் வந்து முட்டியது.

போனில் வார்த்தை நின்றது. மூக்கால் மட்டும் மூச்சு. வேக வேகமாக. அப்புறம் கணவனின் அலறல். ரோட்டில் எதுவோ விழுகிற சத்தம்.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

முதல் திரையில் செத்தவன் மீசைக்குக் கீழே சின்ன உதடு. ஓரம் மழுக்கியாயிற்று. ஒட்டு தெரியவில்லை. உதடு திறந்தது. மூடியது. திறந்தது. அம்மா என்று கூப்பிடும்போது எப்படித் திறந்து மூடுமோ அப்படி, சத்தமில்லாமல், மறுபடியும் மறுபடியும்.