இறந்தவன் கப்டனை மாற்றினான்

தொலைபேசி அலறியது.

டென்மார்க், கோல்டிங் நகரம். மூன்றாம் மாடி வீடு. முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துவிட்டு வந்த மேர்வின் இன்னும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

2009 மே 18. திங்கட்கிழமை. மாலை நான்கு இருபது.

அன்று அழைத்தவர்கள் எல்லோரும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்கள். வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது. அதை இன்னொருவர் வாயால் கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

ஆனாலும் எடுத்தான்.

தபிதா பேசினாள். புரொண்பியில் கணினி வேலை பார்ப்பவள். அழுது முடித்த குரல்.

“மேர்வின் அண்ணை… லீக் பக்கத்தைத் திறந்து பாருங்கோ.”

“இண்டைக்கு ஆருக்கு வேணும் லீக்?”

“ஸ்ரிபன் அண்ணையின்ர ரீம் மாறியிருக்கு.”

மேர்வின் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஸ்ரிபன் அவனுடைய அண்ணன். இறந்து நான்கு வாரம் ஆகிறது!

ஏப்ரல் இருபதாம் திகதி, மாத்தளன் கடற்கரையில், எறிகணைச் செல் விழுந்த இடத்தில் ஒரு பை கிடந்தது. பைக்குள் ஸ்ரிபனின் டெனிஷ் பாஸ்போட். உடலை யாரும் பார்க்கவில்லை. அங்கே உடல்களைத் தேடிப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? இங்கே பூசை வைத்தார்கள். மேர்வின் முன்வரிசையில் முழந்தாளில் நின்றான். செபம் மட்டும் வாயில் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

* * *

முதலில் லீக்.

டென்மார்க் முழுக்கப் பன்னிரண்டு பேர். எல்லோரும் கிரிக்கெட் விண்ணர்கள். ஆளுக்கொரு கற்பனை ரீம். உலகத்தில் எங்கேயோ ஆடுகிற உண்மையான ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்து வைத்துக்கொள்வார்கள். அவர்கள் அங்கே ஓட்டம் எடுத்தால் இங்கே புள்ளி. ஒரு ஓட்டத்துக்கு ஒன்று. விக்கெட்டுக்கு இருபது. கட்ச் பிடித்தால் நான்கு. கப்டனாகப் போடுகிறவன் எடுக்கும் ஓட்டத்துக்கும் விக்கெட்டுக்கும் இரட்டிப்பு.

பக்கத்தை உருவாக்கியவள் தபிதா. பொறுப்பாளர் மேர்வின். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் புள்ளிகளைத் தன் கையால் பதிகிறவன் அவன்தான். ஒன்பது வருடம். சட்டம் என்றால் அவனுக்குச் சட்டம்தான். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம் கழித்து ரீமை மாற்றித் தரச்சொல்லிக் கேட்ட உயிர் நண்பனையே, முடியாது போ என்று சொன்னவன்.

அந்தச் சித்திரையிலிருந்து யாரும் ரீமைத் தொடவில்லை. எல்லோரும் போரை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகன் தெருக்களில் பதாகையோடு நின்றார்கள். தென்னாபிரிக்காவில் இருபது ஓவர்ப் போட்டி தன்பாட்டில் நடந்தது. காயப்பட்டவனும் ஊருக்குத் திரும்பிப் போனவனும் ரீம்களில் அப்படியே கிடந்தார்கள். ஆனாலும் மேர்வின் ஒரு நாள்கூடப் புள்ளி பதியாமல் விடவில்லை. அதை விட்டால் வேறு எதை நினைப்பது என்ற பயம்.

இப்போது திரையைப் பார்த்தான்.

உயிரோடிருக்கும் பதினொரு பேருடைய ரீம்களும் அசையாமல் கிடந்தன.

செத்தவனுடையது மட்டும் அசைந்திருந்தது!

மூன்று பேர் வெளியே. மூன்று பேர் உள்ளே. புதிய கப்டன். நேரம் நான்கு பன்னிரண்டு. ஸ்ரிபனின் சொந்தக் கடவுச்சொல். போன ஓகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லால் யாரும் உள்ளே வந்ததில்லை.

வன்னிக்குள் இருந்தபோது ஸ்ரிபன் சற்றலைற் போனில்தான் ரீமை மாற்றுவான். வரிசையில் நின்று கிடைக்கும் சில நிமிடங்களில் முதலில் மனைவிக்கு எடுப்பான். பிறகு தம்பிக்கு. பின்னால் செல் விழும் சத்தம் கேட்கும். நடுவில் அண்ணனின் குரல், கப்டனை மாற்றடா என்று கத்தும். மேர்வின் பதிவான்.

அன்று மாலை ஆட்டம் முடிந்தது. அந்தப் புதிய கப்டன் அடித்த அடியில் கடைசியில் கிடந்த ஸ்ரிபனின் ரீமுக்குப் புள்ளி சடசடவென்று ஏறியது.

யாரோ விளையாட்டுக்குச் செய்திருக்கலாம். ஆனால் இந்த மூளை வேறு யாருக்கும் இல்லை.

* * *

புதன்கிழமை மறுபடி மாறியது. மறுபடி ஏறியது.

இந்தத் தடவை செய்திப் பலகையில் ஒரு வரியும் இருந்தது. ஸ்ரிபனின் பெயரில்.

‘அந்தக் கட்ச்சைப் பிடிச்சது ஆர்?’

மேர்வின் எழுந்து போய் வீட்டுக் கதவைப் பூட்டினான்.

இப்போது சொல்கிறேன், அவன் வாயில் ஏன் செபம் வரவில்லை என்று.

போன வருடம் ஆடி மாதம். அம்மா கிளிநொச்சியில் படுத்த படுக்கை. ஒரு மகன் போய்க் கூட்டிவர வேண்டும். பாதை பூட்டப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்ரிபனின் மனைவி சுஜாந்தினி கையில் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். அதில் உலகம் முழுக்கப் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. டெனிஷ் பாஸ்போட் இருந்தது சகோதரர் இருவரிடமும்தான்.

நான் போறன் என்றான் ஸ்ரிபன். இல்லை நான் போறன் என்றான் மேர்வின். மூன்று நாள் இழுபறி. மேர்வின் வாய்தான் அப்படிச் சொன்னது. மனம் அண்ணன் போகட்டும் என்று கெஞ்சியது. சின்ன வயதிலிருந்தே அந்த வீட்டில் தீராத வழக்கெல்லாம் கிரிக்கெட்டில்தான் தீரும். கடைசியில் ஸ்ரிபன்தான் சொன்னான், சீசன் முடிவில் இருவரில் பட்டியலில் கீழே நிற்கிறவன் போகட்டும் என்று.

கடைசி ஆட்டம் முடிந்தபோது ஸ்ரிபன் இரண்டு புள்ளி முன்னால். மேர்வின்தான் போக வேண்டும்.

மேர்வின் பதிவுப் பக்கத்தைத் திறந்தான். ஸ்லிப்பில் நின்ற ஸ்ரிபனின் ஆள் பிடித்த ஒரு கட்ச். அதை, புள்ளி கிடைக்காத ஒரு மாற்று ஆட்டக்காரன் பிடித்ததாகப் பதிந்தான்.

நான்கு புள்ளி போனது. அண்ணன் இரண்டு புள்ளியால் தோற்றான்.

கையில் கத்தி இல்லை, துவக்கு இல்லை. ஆனாலும் அது கொலைதான் என்று மேர்வினுக்குத் தெரியும். ஒன்பது வருடத்தில் அவன் மீறிய ஒரே சட்டம் அது. அம்மா தையில் தருமபுரத்தில் கண்ணை மூடினாள். அதற்குள் பாதையும் மூடிவிட்டது. அண்ணன் மாத்தளனில் முடிந்தான். இரண்டு சாவையும் அந்த ஒரு கட்ச்சின் மேலேயே அவன் மனம் போட்டது.

இது சுஜாந்தினிக்குத் தெரிந்தால்? அவனுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த உறவு அவள் ஒருத்திதான். அவள் முகத்தில் முழிக்க முடியாது.

பலகையில் இருந்த வரியை அழித்தான். பத்து நிமிடத்தில் அதே வரி மறுபடி வந்து நின்றது.

தபிதாவை அழைத்தான். எந்த இடத்துக் கணினியிலிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னான். அவள் பார்த்தாள்.

“இக்காஸ்ட், அண்ணை. ஸ்ரிபன் அண்ணையின்ர வீட்டுக் கணினி.”

சுஜாந்தினியா? துணித் தொழிற்சாலையில் தைக்கிறவள். பற் எது, விக்கெட் எது என்றே தெரியாதவள். அவளா இப்படிக் கப்டனைத் தேடிப் பிடிக்கிறாள்?

வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. அதை அவள் நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டதற்கு, அன்று ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள், லீவு நாள், பிறகு பார்ப்போம் என்றாளாம். லீவு நாளில் பூசை வைக்க என்ன தடை? மேர்வினுக்கு விளங்கவில்லை. பயம்தான் கூடியது.

* * *

ஞாயிற்றுக்கிழமை. தென்னாபிரிக்காவில் இறுதிப் போட்டி. சீசனின் கடைசி நாள்.

பட்டியலில் மேர்வின் கடைசிக்கு முதல். ஸ்ரிபன் கடைசி. நடுவில் இரண்டே இரண்டு புள்ளி. ஒரு மாதம் தூங்கிய ரீமை ஒரு வாரத்தில் இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டான், செத்தவன்.

இதற்கு மேல் தாங்க முடியாது என்று மேர்வின் காரை எடுத்தான். இக்காஸ்ட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். வழியெல்லாம் மஞ்சள் கடுகு வயல், நல்ல வெயில். பக்கத்துச் சீற்றில் அண்ணன் இருப்பதுபோல் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை திரும்பியும் பார்த்தான்.

சுஜாந்தினி கதவைத் திறந்தாள். வரச்சொல்லவில்லை. வழி மட்டும் விட்டாள்.

உள்ளே ரீவியில் இறுதிப் போட்டி ஓடியது!

மேசையில் கணினி. பக்கத்தில் ஒரு தடித்த கொப்பி. மேர்வினுக்கு அந்தக் கொப்பியைத் தெரியும். ஸ்ரிபன் கல்லூரிக் காலத்திலிருந்தே ஸ்கோர் எழுதுகிறவன். கணினியை நம்பமாட்டான். பார்க்கிற ஆட்டத்தையெல்லாம் பந்து பந்தாகப் பென்சிலால் எழுதி வைப்பான். கொப்பி இருக்கும் என்பதை மேர்வின் எப்படி மறந்தான்? பயம் அப்படித்தான் மறக்கவைக்கும்.

“இருங்கோ” என்றாள் சுஜாந்தினி. “அந்தக் கட்ச்சைப் பிடிச்சது ஆர்?”

அவன் இருக்கவில்லை.

“அண்ணி… அது அண்ணையின்ர ஆள் பிடிச்சது. நான்தான் மாத்திப் பதிஞ்சனான். போகப் பயந்து செய்தனான். அண்ணையைச் சாகடிச்சது நான்தான்.”

அழுதான். பெரிய ஆம்பிளை, தேம்பித் தேம்பி அழுதான். பத்து மாதமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்தது.

அவள் தேற்றவில்லை. கொப்பியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். போன வருடத்துக் கடைசி ஆட்டத்தின் பக்கம். ஓரத்தில் ஸ்ரிபனின் சின்னச் சின்ன எழுத்து.

‘தம்பி ஒரு கட்ச்சைக் களவெடுத்திட்டான். நல்லாப் பயந்திட்டான், பாவம். நான் போறன்.’

மேர்வின் அதை மூன்று தடவை வாசித்தான். தெரிந்திருந்தும் போயிருக்கிறான். தெரிந்துகொண்டே விமான நிலையத்தில் அவனைக் கட்டிப்பிடித்திருக்கிறான்.

“பூசைக்குப் பிறகுதான் இதைக் கண்டனான்” என்றாள் சுஜாந்தினி. “நாலைஞ்சு நாள் உங்களைக் கொல்ல வேணும் போல இருந்தது. உண்மையாத்தான் சொல்லுறன்.”

ரீவியில் கூட்டம் எழுந்து கத்தியது.

பந்து உயரே போனது. எல்லைக் கோட்டோரம் நின்றவன் பின்னால் ஓடி, ஒற்றைக் கையை நீட்டினான்.

கட்ச்!

பிடித்தவன் ஸ்ரிபனின் ரீம் ஆள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. அவள் கணினியை அவன் முன்னால் திருப்பி வைத்தாள். “பதியுங்கோ.”

மேர்வின் இரண்டு ரீம்களுக்கும் கணக்குப் பார்த்தான். அன்றைக்கு மற்றதெல்லாம் சமன். மிஞ்சியது அந்த ஒரு கட்ச். மாற்றிப் பதிந்தாலும் கேட்க ஆளில்லை. விரல் ஒரு கணம் நின்றது. பிறகு பதிந்தான். பிடித்தவன் பெயரிலேயே பதிந்தான். நான்கு புள்ளி.

பட்டியல் புரண்டது. ஸ்ரிபன் மேலே. மேர்வின் கடைசி.

“இப்ப ஆர் கீழ?”

“நான்தான்.”

“கீழ நிக்கிறவன் என்ன செய்ய வேணும் எண்டு பேச்சு?”

“போய்க் கூட்டிக்கொண்டு வாறது.” அவன் கண்ணைத் துடைத்தான். “ஆரை, அண்ணி? அங்க இனி ஆர் இருக்கினம்?”

அப்போது தொலைபேசி அடித்தது.

சுஜாந்தினி மணிக்கூட்டைப் பார்த்தாள். எடுத்து, “ஓம் சிஸ்ரர், நிக்கிறன்” என்றபோது அவள் முகம் முதல் தடவையாக இளகியது. மறுபக்கம் போன் கைமாறும் வரை மேர்வினிடம் சொன்னாள்.

“பன்னிரண்டு நாளா ஒவ்வொரு நாளும் வருது. வவுனியா ஆசுப்பத்திரி, காவலுக்குள்ள. காயப்பட்டுக் கிடந்தவரை ஆமி தூக்கிக்கொண்டு போக, பை மட்டும் கடற்கரையில கிடந்திருக்கு. ஒரு சிஸ்ரர் ஒளிச்சு வைச்சுத் தன்ர போனைத் தாறவ. ரெண்டு நிமிசம்தான். அதில ஒண்டரை நிமிசம் ரீமுக்குப் போயிடும்.”

மேர்வின் கதிரையில் பொத்தென்று விழுந்தான்.

“வெளிநாட்டு அமைச்சு இதை வெளியில கதைக்க வேண்டாமெண்டு சொன்னது. டெனிஷ் பாஸ்போட் வைச்சிருக்கிற சொந்தக்காரர் ஓராள் வெள்ளிக்கிழமைக்குள்ள கொழும்பில நேரில நிண்டு கையெழுத்து வைக்க வேணுமாம். இல்லாட்டி அவரை எங்க மாத்துவாங்களோ தெரியாது. நேர கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பியள். பிறகு விமான நிலையத்தில காய்ச்சல் வந்திருக்கும். லீக்கில தோத்தா மட்டும் கட்டாயம் போவியள் எண்டு உங்கட அண்ணைதான் சொன்னவர்.”

போனை அவன் காதில் வைத்தாள்.

இரைச்சல். யாரோ இருமும் சத்தம். பிறகு செல் சத்தம் எதுவும் பின்னால் இல்லாமல், பல மாதங்களில் முதல் தடவையாகத் தெளிவாக, அந்தக் குரல் வந்தது.

“ஒரு கால் போயிட்டுதடா தம்பி, இனி எனக்காக ஓட ஒரு ரன்னர் வேணும்… வரேக்க அந்தப் பழைய கட்ச்சையும் மறக்காமல் கையோட கொண்டு வா!”