எதிர் எதிர்க் கடைகள்

தையல்கார மாமாவின் கடையைப் பார்த்ததும் சிட்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தையல் மெஷினைக் கோணியால் மூடிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, கடையை மூடறீங்களா?"

"வேற என்னம்மா செய்யறது? நாளைக்குச் சாவியைக் கொடுத்துடப் போறேன்."

அவர் முகமே சரியாகத் தெரியவில்லை. தலைமுடி புதராக வளர்ந்து கண்ணை மறைத்தது.

சிட்டுவின் சித்திக்குப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை. அவ்வப்போது கடை கடையாகப் போய், என்ன வேலை நடந்தது என்று கேட்டு வருவார். பள்ளி விடுமுறை என்பதால் சிட்டுவும் இன்று அவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இதையெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க சித்தி?"

"நாடு முழுக்கக் கேட்டுச் சேர்த்துப் பார்த்தாதான், நாம எல்லாரும் சேர்ந்து எவ்வளவு உற்பத்தி பண்ணினோம்னு தெரியும். சில சமயம் ஏறும், சில சமயம் இறங்கும். இப்போ இறங்குது."

"இறங்காம என்ன செய்யும்?" என்றார் தையல்காரர். "அட்டைப்பெட்டி ஃபேக்டரியில ஒரு ஷிஃப்டை நிறுத்தினாங்க. வேலை போனவங்க துணி தைக்க வரலை, சரி. வேலை இருக்கறவங்களும் பயந்துபோய் வர்றதில்லையே!"

சிட்டுவுக்குச் சுருக்கென்றது. அப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், "இப்போ புதுச் சட்டை எதுக்கு?" என்று அம்மா போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

இருவரும் எதிரே இருந்த முடிதிருத்தும் கடைக்குப் போனார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. முடிதிருத்துபவரின் சட்டை அக்குளில் கிழிந்து, ஊக்குகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கையைத் தூக்கினா ஊக்கு குத்துது. 'ஆ'ன்னு கத்தறேன். நாற்காலியில இருக்கறவர் எழுந்து ஓடிடறார்!" என்றார் அவர்.

"தைக்கக் கொடுக்கலாமே மாமா?"

"வியாபாரமே இல்லை. செலவைச் சுருக்கணும்ல?"

சிட்டு திகைத்து நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், ஊக்கு. அந்தப் பக்கம் பார்த்தாள், புதர். மறுநொடி தெருவைத் தாண்டி ஓடித் தையல்காரரைக் கையோடு இழுத்து வந்தாள்.

"இவருக்குச் சட்டை கிழிஞ்சிருக்கு. உங்களுக்குத் தலை காடா இருக்கு. நடுவுல ஒரு தெருதானே இருக்கு!"

இரண்டு பேரும் வாயைப் பிளந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தினமும் மூஞ்சி மூஞ்சியா பாத்துக்கிட்டு இருக்கோம். நமக்கு இது தோணலையே!" என்றார் தையல்காரர்.

மெஷினின் கயிறு அவிழ்ந்தது. சட்டை தைத்தாயிற்று. புதரும் போயிற்று. முடி வெட்டும்போது போர்த்துகிற துணிகளும் நைந்திருந்தன. அவற்றையும் தைத்துத் தந்தால் தையல்காரர் வீட்டில் எல்லோருக்கும் முடி வெட்டுவதாகப் பேச்சு.

வழியில் போன ரொட்டிக்கடை அக்கா தையல்காரரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "அட, உங்களுக்குக் கண்ணு இருக்கா! கடை திறந்திருக்கா? எங்க ஏப்ரனெல்லாம் கிழிஞ்சு கிடக்கு."

சிட்டு சித்தியின் காதருகே கேட்டாள். "காசே கை மாறலையே. இவங்க மாத்திக்கிட்ட வேலை கணக்குல வருமா?"

"வரும். வேலை நடந்திருக்குல்ல? அதுக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்துக்குவோம்."

"அப்போ அம்மா நமக்குச் சமைச்சுக் கொடுத்த சாப்பாடு?"

"வீட்டுக்குச் சமைக்கறது வராது."

"என்னது!"

அவள் கத்திய கத்தலில் தையல்காரரின் மெஷினே நின்றுவிட்டது. "அம்மா வேலை கணக்குல இல்லையா? இதை நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க!"

"ஐயையோ, நான் மாட்டேன்!" என்று சித்தி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

சில மாதங்கள் கழித்து, சித்தி மறுபடி அந்தத் தெருவுக்கு வந்தார். நாட்டின் உற்பத்திக் கணக்கு இன்னும் இறங்கித்தான் இருந்தது. எந்தெந்தக் கடை மூடியிருக்குமோ என்ற கவலையோடு தையல் கடைக்குள் எட்டிப் பார்த்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். கடை திறந்திருக்கிற செய்தி தெருவெல்லாம் பரவி, உள்ளே கால் வைக்க இடமில்லை. சட்டைத் துணியைக் கையில் பிடித்தபடி சிட்டுவும் அம்மாவும்கூட நின்றிருந்தார்கள்.

"இந்த மாசம் வேலை எப்படி?" என்று சித்தி தொடங்கினார்.

தையல்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வரிசையில வாங்கம்மா!"