மறுபடியும் எரிந்த மஞ்சள் விளக்கு

"பாரு! மறுபடியும் எரியுது!"

அம்மா ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தார். ஹாரன் அலறியது. முன்னால் பனி அள்ளிக்கொண்டு போன வண்டிக்காரர் திரும்பி எங்களை முறைத்தார்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால், என்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோடையில் வெண்டல் மாமாவிடம் இந்தப் பழைய காரை வாங்கியதிலிருந்து இதே தொல்லைதான். உதிரிபாகக் கடையில் ஒரு கருவியைச் செருகிப் பார்ப்பார்கள். "பெட்ரோல் ஆவி போற வழியில கோளாறு" என்பார்கள். டாங்க் மூடியை மாற்றி, விளக்கை அணைத்துத் தருவார்கள். கொஞ்ச நாளில் அது மறுபடியும் எரியும்.

"கூடப் பிறந்த அக்கா தலையிலயே ஓட்டை வண்டியைக் கட்டிட்டான்! அவனோட பேச்சை எப்பவோ விட்டாச்சு. வியாழக்கிழமை அவன் வீட்டு விருந்துக்கு நாம போகப் போறதில்ல, ஒடெசா. அவ்வளவுதான்!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நன்றித் திருநாளில் மாமா மகள் மேவிஸோடு சேர்ந்து வான்கோழி தின்னாத வருஷமே எனக்குக் கிடையாது. ஒரு விளக்குக்காக அதை விடுவதா?

வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைப் படார் என்று சாத்திவிட்டு யோசித்தேன். போன தடவை எப்போது எரிந்தது? ஏரிக்குப் போன மறுநாள். அதற்கு முன்னால்? பள்ளிக் கச்சேரிக்கு மறுநாள். எல்லாமே பெட்ரோல் போட்ட மறுநாள்! நேற்றும் போட்டோமே!

அம்மா பெட்ரோல் போடும் அழகே தனி. டாங்க் நிறைந்ததும் குழாய் 'கிளிக்' என்று தானாக நிற்கும். அம்மா விடமாட்டார். மறுபடி அழுத்துவார். கிளிக். இன்னும் ஒரு அழுத்து. கிளிக். எங்கள் வடக்கு மினசோட்டா குளிரில் டாங்க் கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும் என்பது அம்மா வீட்டுப் பழக்கம். 'தானாக நின்ற பிறகு நிரப்பாதீர்கள்' என்று பம்பிலேயே ஒட்டியிருப்பதை யார் படிக்கிறார்கள்?

மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா, நீங்க எவ்வளவு பெட்ரோல் போடுவீங்க?"

"கழுத்து வரைக்கும். ஏன்?"

"உங்ககிட்ட இருந்தப்பவும் அந்த விளக்கு எரிஞ்சுதா?"

"அது... எப்பவாவது எரியும். தானா அணைஞ்சிடும்மா."

"அதை அம்மாகிட்ட ஏன் சொல்லல?" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓ, அப்போ தப்பு என் மேலயா? நீ எப்போடி மெக்கானிக் ஆன?"

"நீ அமுக்கி அமுக்கி ஊத்துற பெட்ரோல் அந்த ஆவி போற வழியில போய் அடைக்குதும்மா! ஒரே ஒரு தடவை கிளிக்னதும் நிறுத்திப் பாரு! விளக்கு எரிஞ்சா அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்."

"நீயா? வாயைத் திறக்காம? அதுக்காகவே செஞ்சு பாக்குறேன்!"

கடையில் விளக்கை அணைத்துக்கொண்டு வந்தோம். செவ்வாய்க்கிழமை பம்பில் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளிக்.

"போதும்!"

நான் போட்ட கூச்சலில் அடுத்த பம்பில் நின்றவரும் பயந்துபோய்த் தன் குழாயை விட்டுவிட்டார்.

புதன்கிழமை விளக்கு எரியவில்லை. வியாழக்கிழமை காலையிலும் எரியவில்லை. அம்மா மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தார்.

"இருந்தாலும் அவன் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும். அதை அவர்கிட்டயே போய்க் கேளு!"

அம்மா சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார். மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏண்டா, மூடி மறைச்சு வித்தியா?"

"நீ மட்டும் என்னக்கா? நாலு மாசமா பேசாம இருந்தியே!"

தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சாப்பாடு ஆறுது! ரெண்டு பேரும் உள்ள வந்து சண்டை போடுங்க!"

இருவரும் உள்ளே வந்து, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆசை தீரச் சண்டை போட்டார்கள்.