பின்னறைத் தரை

“பொய் சொல்லாதடி! நான் கண்ணால பார்த்துக்கிட்டே நிக்கிறேன். தரைச் சூடு முப்பத்திரண்டு இருபத்தெட்டாகுது, இருபத்தெட்டு இருபத்தஞ்சாகுது. சுவத்துக்குள்ள பேயா இருக்கு? உன் விரல்தான இருக்கு!”

“அக்கா, மெதுவா. தெருவே கேக்குது.”

“கேக்கட்டும்! நாத்தனா முதுகு காயறது இவளுக்குப் பொறுக்கலன்னு ஊருக்கும் தெரியட்டும்!”

தெரு கேட்டது. டிசம்பரில் சுன்ச்சன் நகரத்தார் சன்னலைத்தான் மூடுவார்கள், காதை மூடுவதில்லை.

முன்வீட்டில் மிரனும் அவள் கணவன் சங்பேயும். முற்றத்தைத் தாண்டிய பின்னறையில் சங்பேயின் அக்கா மல்சூன்; அறுபத்து நாலு வயது, கல்யாணம் ஆகாதவள். அந்த அறைக்கென்று தனி பாய்லர், வெளியே தகரக் கொட்டகையில். அது காய்ச்சும் வெந்நீர் தரைக்கடியில் குழாய்களில் ஓடும். மல்சூன் ஒவ்வொரு குளிர்காலமும் சோயாவை வேகவைத்து, வைக்கோலோடு கூடையில் அடைத்து, தரை அதிகம் சுடும் மூலையில் கம்பளி சுற்றிப் புளிக்க வைப்பாள். மூன்று நாள் சூடு தணியக்கூடாது. அதில் வைக்கும் குழம்புக்குத் தெருவே கிண்ணத்தோடு நிற்கும். மிரனுக்கு மட்டும் அந்த வாடை, நனைந்த காலுறையை வாணலியில் வதக்கினாற்போல் தலையைக் கிறுகிறுக்க வைக்கும்.

அதற்காகத்தான் பாய்லரை இயக்கும் அந்தப் புதுச் சுவர்ப் பெட்டியை வாங்கியிருந்தாள். போனிலிருந்தே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். நாத்தனாரின் பாதுகாப்புக்கு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டாள். மாட்ட வந்த பாய்லர்க்காரர் பியோ, கம்பியைக் கையில் பிடித்தபடி உதட்டைப் பிதுக்கினார்.

“இதுக்கும் அதுக்கும் ஒத்துவராதும்மா. பழைய பெட்டி பாய்லரோட கூடப் பொறந்தது. ரெண்டும் பேசிக்கும். தண்ணி உறைஞ்சா சொல்லும், கோளாறுன்னா கத்தும். இந்தப் புதுசுக்கு ‘எரி’, ‘அணை’ ரெண்டே வார்த்தைதான் தெரியும். முக்கியமா, ‘வெளியூர்’ பட்டனை அமுக்கிடாதீங்க. பழசுல அமுக்கினா, உறையாத அளவுக்கு அப்பப்போ எரியும். இதுல அமுக்கினா அடியோட அணைஞ்சிடும்.”

மிரன் தலையாட்டினாள். அப்போது கொட்டகையில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

சண்டை கடைசியில் சபதத்தில் முடிந்தது. மல்சூன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

“இனி இந்தப் பெட்டியைத் தொட்டா இந்தக் கை அழுகிப் போகட்டும். நீயே சுட வை, நீயே அணை. உன் தயவுல கிடக்கேன்.”

ஜனவரியில் கங்னுங்கில் மிரனின் தங்கை மகளுக்குக் கல்யாணம். கணவனும் மனைவியும் இரண்டு நாள் போனார்கள். வழியில் பேருந்து நின்ற இடத்தில், வறுத்த உருளைக்கிழங்கைக் குச்சியில் குத்தித் தின்றுகொண்டே மிரன் போனை எடுத்தாள். பின்னறை, முப்பத்திரண்டு. கூடை புளித்துக்கொண்டிருக்கிறது. கட்டை விரல் ‘வெளியூர்’ மேல் போய் நின்றது. பியோ சொன்னது நினைவில் இருந்தது. அமுக்கினாள். சாயங்காலம் வரைக்கும்தானே, கூடை கெட்டுப்போகட்டும்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பாட்டு, கூத்து. மறந்துபோனாள். இப்படித்தான் அவள் தனக்குத்தானே பிற்பாடு சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலை நினைவு வந்தது. போன் கையில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று திரும்பக் கைப்பையில் போட்டாள். அன்று சுன்ச்சனில் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி.

தம்பிக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் மல்சூனை அறியாதவர்கள்.

ஊர் திரும்பியவர்கள் அவளை மூலையில் விறைத்துக் கிடக்கக் கண்டெடுத்தார்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தன் மெத்தை, போர்வை, குளிருக்குப் போடும் பஞ்சுச் சட்டை எல்லாவற்றையும் கூடைக்குச் சுற்றியிருந்தாள். வலது கை மட்டும் சுவர்ப் பெட்டியை நோக்கி நீண்டு, தொடாமல், ஒரு முழம் முன்னாலேயே நின்றிருந்தது.

“பாய்லருக்கும் பெட்டிக்கும் ஒத்துவரலையாம்,” என்றது தெரு. வேறு எந்த இருவருக்கு ஒத்துவரவில்லை என்பதைத் தெரு நாகரிகமாக விழுங்கிக்கொண்டது.

“இந்தப் பெட்டி ஒத்துவராதுன்னு அந்த பியோ உங்கிட்டச் சொல்லலையா?” என்று சங்பே கேட்டான். கண் சிவந்திருந்தது. “பெட்டி தானா அணைஞ்சிருக்கு பாரு.”

“ஒரு வார்த்தை சொல்லல,” என்றாள் மிரன்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்தது. வேறு ஆளை வைத்துப் புதிய பெட்டியைக் கழற்றி, பாய்லரோடு பிறந்த பெட்டியையே திரும்ப மாட்டினார்கள். அதில் முறையாக ‘வெளியூர்’ வைத்து, கதவைப் பூட்டிச் சாவியை மிரன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாலாம் நாள் மத்தியானம். முற்றத்தில் முட்டைக்கோஸ் அலசிக்கொண்டிருந்தவளுக்கு வாடை வந்தது. முதலில் மண்ணும் வைக்கோலும் ஈரத்தில் ஊறியதுபோல் மெல்லிசாக, பிறகு கம்பளிக்குள் மூச்சுவிட்டுப் புழுங்குவதுபோல் கனமாக, பூட்டிய கதவின் அடியிலிருந்து கசிந்து அவள் கைவிரல்களில் ஒட்டிக்கொள்வதுபோல். திறந்து பார்த்தாள். கூடை இல்லை, ஒன்றுமில்லை. பெட்டியில் ‘வெளியூர்’ விளக்கு எரியவில்லை. முப்பத்திரண்டு. கொட்டகையில் பாய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு பற்றிக்கொண்டது.

செருப்பைக் கழற்றித் தரையில் கால் வைத்தாள். இதமான சூடு. இன்னொரு அடி, சூடு. மூலையருகே மூன்றாவது அடி பனிக்கட்டியில் விழுந்தது. குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். குளிர் ஓர் ஓரத்தில் தொடங்கி, தோளாய் வளைந்து, இடுப்பாய்க் குறுகி, மடங்கிய முழங்காலாய்த் திரும்பியது. அதிலிருந்து ஒல்லியாய் ஒரு கிளை சுவரை நோக்கி நீண்டிருந்தது.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் போய்த் தடவினாள். கிளை இப்போது சுவரை நோக்கி இல்லை. வாசற்கதவை நோக்கி இருந்தது.

அந்த வாரம் பியோ வந்தார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு முற்றத்திலேயே நின்றார்.

“எனக்கு ஒருத்தரும் வேலை தரமாட்டேங்கறாங்கம்மா. கொலைகாரன்ங்கறாங்க. நான் உங்ககிட்டச் சொன்னேன்ல? வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

மிரன் அவர் பூட்ஸைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் முற்றத்துப் பனி ஒரு கோடாக இறுகிப் பளபளத்தது. பின்னறை வாசலிலிருந்து புறப்பட்டு, நேராக முன்வீட்டுப் படிக்கு.

“நீங்க ஒண்ணும் சொல்லலையே,” என்றாள்.

அன்று மாலை முன்வீட்டுச் சமையலறையில் கால் கூசியது. அடுத்த நாள் கூடத்தில். பிறகு படுக்கையறை வாசலில். தரை சுட்டது. நடுவே ஒரு குளிர்க்கோடு மட்டும். விரல் அகலம். பிறகு கை அகலம். சங்பே அதன்மேல் நடந்தான், ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. அவளுக்குத் தெரிந்தது. வாடையும் வந்தது. தலையணையில். சோற்றில். தன் வாயில்.

தாங்கவில்லை. பகலில் பின்னறைக்குப் போய் மண்டியிட்டாள். “ஆமாக்கா. பியோ சொன்னாரு. தெரிஞ்சுதான் அமுக்கினேன். காலைல நெனப்பும் வந்துச்சு.” தரை கேட்டுக்கொண்டது. குளிர் நகரவில்லை. அவள் சொல்ல வேண்டியது தரையிடம் இல்லை போலும்.

பியோ கடையைப் பூட்டிவிட்டு சொக்சோவுக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே கணவாய் மீன் காயப்போடுகிறாராம். மிரன் ஒரே மாதத்தில் மூட்டை கட்டினாள், சங்பே தடுக்கவில்லை. மறு வருடம் அவன் மேல்தெரு ரொட்டிக்கடைக்காரியைக் கட்டிக்கொண்டான். பின்னறையில் இப்போது மாவு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். தரை மூலைக்கு மூலை சுடுகிறதாம்.

மிரன் பூசானில் பதினேழாம் மாடியில் இருக்கிறாள். பனி அதிகம் விழாத ஊர். பாய்லரும் கிடையாது, மொத்தக் கட்டடத்துக்கும் எங்கிருந்தோ வெந்நீர் வருகிறது. பழைய தெருவிலிருந்து தங்ஜினின் அம்மா பார்க்கப் போயிருந்தாள். தரை இதமாய் இருந்தது. இருவரும் கால் நீட்டி உட்கார்ந்து பார்லித் தண்ணீர் குடித்தார்கள்.

“ஏன்டி மிரன், மனசுல கேட்டுக்கிட்டே இருக்கு. அந்த பியோ உங்கிட்ட நெசமாவே ஒண்ணும் சொல்லலையா?”

நெஞ்சுக்குழி வரை வந்தது. ஒரு வார்த்தை. தொண்டையில் சோயா வாடை.

“சொல்லல,” என்றாள்.

கோப்பை கையிலிருந்து நழுவியது. ஆவி பறக்கும் தண்ணீர் தரையில் ஓடியது. சட்டென்று நின்றது. சுடும் தரையில், இருவர் கண்ணெதிரே, ஓரத்திலிருந்து வெண்மையாய் இறுகியது. ஒரு மணிக்கட்டு. ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்கள். அவை விரிந்து, மெதுவாய், மிரனின் கணுக்காலைச் சுற்றி மூடிக்கொண்டிருந்தன.